பாதியில் பிடுங்கிய பிளக்

ஒரு வருடமாக யாரும் எதையும் சேர்க்காத பிளேயரில் இடம் நிரம்பிவிட்டது என்று டிவி சொன்னது.

ஜெபராஜ் கண்ணாடியைக் கழற்றி, பனியன் ஓரத்தில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மாறவில்லை. சேமிப்பிடம் நிரம்பிவிட்டது.

"எனக்கும் அம்பத்தெட்டு வயசுல அப்படித்தான் இருக்கு" என்று டிவியிடம் சொன்னார். டிவி சிரிக்கவில்லை. இந்த வீட்டில் அவருடைய ஜோக்குக்கு யாரும் சிரித்ததில்லை என்பது வேறு விஷயம். ஆனால் முன்பெல்லாம் சிரிக்காமல் இருப்பதற்கு ஓர் ஆள் இருந்தாள்.

மணி ஐந்துகூட ஆகவில்லை, அதற்குள் முடிச்சூர் இருட்டிவிட்டது. காலையிலிருந்து விடாத மழை இப்போது சத்தத்தைக் குறைத்துக்கொண்டு நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெரிய வெள்ளத்துக்குப் பிறகு தெருவில் எல்லோரும் வாசற்படியை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். ஆனாலும் மழை என்றால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தலை எட்டிப் பார்த்து, தண்ணீர் எதிர்வீட்டு ஸ்கூட்டரில் எதுவரை ஏறியிருக்கிறது என்று கவனித்துவிட்டு உள்ளே போகும். ஜெபராஜும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். பாதிச் சக்கரம். போர்டிகோவில் வாடகை பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நனைந்துகொண்டிருந்தன. ஆறரைக்கு ஜெபம். மனைவி ஹில்டா போய் ஒரு வருடம்.

பிளேயர் அவளுடைய ராஜ்ஜியம். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. வைஃபையில் படத்தை இழுக்கும், சீரியலைப் பதிவு செய்யும், எல்லாவற்றையும் தன் வயிற்றுக்குள் அடுக்கி வைத்துக்கொள்ளும். வீட்டில் ஆளுக்கு ஒரு கணக்கு. ஹில்டா என்ற பெயருக்குக் கீழே ஞாயிறு ஆராதனையும் சமையல் நிகழ்ச்சிகளும். ஜெபராஜ் என்ற பெயருக்குக் கீழே பழைய கிரிக்கெட் மேட்சுகள். "ஜெயிச்ச மேட்ச்ச மட்டும்தான் வச்சுக்குவார், அதான் நமக்கு இவ்ளோ இடம் மிச்சம்" என்று தன் தங்கை ஜெரூஷாவிடம் அவள் சொல்லியிருக்கிறாள்.

இப்போது அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வீடியோ. ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் அடுப்படியில் நின்று அவள் முறுக்கு பிழிகிறாள். அவர் வாசலில் ஒளிந்துகொண்டு கிரிக்கெட் வர்ணனை மாதிரி பேசிக்கொண்டே போனில் எடுக்கிறார். அவள் திரும்பாமலே, "போதும், அத நிறுத்திட்டு வந்து ஜல்லிக்கரண்டியப் புடிங்க" என்கிறாள். அவ்வளவுதான். போன் பிறகு தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் தொலைந்துபோனது. ஹில்டா அதற்கு முன்பே வீடியோவைப் பிளேயரில் ஏற்றி வைத்திருந்தாள். கல்யாண வீடியோவில் மேளச் சத்தத்துக்கு மேல் யார் குரலும் கேட்காது. அவள் குரல் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரு இடத்தில்தான்.

ரிமோட்டை அழுத்தினார். படம் வரவில்லை. இந்த வீடியோவை இயக்கப் புதிய பதிப்பு தேவை. பாதியில் நின்ற அப்டேட்டை முடிக்கவும். அப்டேட்டுக்கு இடம் போதவில்லை.

பாதியில் நின்ற அப்டேட். அது எப்படி நின்றது என்று அவருக்குத் தெரியும்.

அன்று அவர் கம்பெனியிலிருந்து வந்தபோது அவள் சோபாவில் சாய்ந்திருந்தாள், கையில் ரிமோட், டிவியில் ஒரு நீலக் கோடு பாதிதூரம் வந்து நகர்ந்துகொண்டிருந்தது. அப்டேட் நடக்கிறது, மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம். தூங்குகிறாள் என்று நினைத்து வாழைப்பழத் தாரை மெதுவாக வைத்தார். பிறகு டாக்டர், பிறகு தெரு ஜனம், பிறகு உடலை வைக்க ஃப்ரீசர் பாக்ஸ். அதைக் கொண்டுவந்த பையன் சேட்டு ஹாலைச் சுற்றிப் பார்த்து, "எக்ஸ்டென்சன்ல போட்டா பேஜாராய்டும் சார். நேரா செவுத்துல கீற பிளக்குதான் வோணும்" என்றான். சுவரில் இருந்த ஒரே பெரிய பிளக்கில் டிவியும் பிளேயரும் தொங்கின. ஜெபராஜ்தான் பிடுங்கினார். நீலக் கோடு அப்படியே அணைந்தது. "பாதியில புடுங்கிட்டேன்னு கத்தப்போறா" என்று சொன்னார். யாரோ சிரித்தார்கள், உடனே அவர்களே அழுதார்கள்.

அன்று ராத்திரி முழுக்க ஃப்ரீசர் பாக்ஸின் கண்ணாடியில் பனி படிந்துகொண்டே இருந்தது. அவள் முகம் தெரியவேண்டும் என்று அடுப்படியிலிருந்த மஞ்சள் துண்டால் அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு துடைத்தும் போகவில்லை. "அது அப்டித்தான் சார் இருக்கும், வுடுங்க" என்றான் சேட்டு.

போன் அடித்தது. ஜெரூஷா.

"அத்தான், வீடியோவப் போட்டுப் பாத்துட்டீங்களா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன்."

"பாத்துக்கிட்டே இருக்கீங்களா? அது ஒரு நிமிஷ வீடியோ."

"உங்க அக்கா அலமாரி மாதிரிதான் இதுவும். தொறந்தா தலையில விழுது. கொஞ்சம் ஒதுக்கணும்."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன். அஸ்தினாபுரத்திலிருந்து கிளம்பியவள் பெருங்களத்தூரில் தண்ணீருக்குள் நிற்கிறாளாம். ஹாரன் ஓய்ந்ததும் கேட்டாள்: "நீங்க இன்னும் ஒரு தடவகூட அதப் பாக்கல, இல்லத்தான்?"

"எப்ப வேணா பாக்கலாம்னு வச்சிருக்கேன்."

"அழுவீங்கன்னு பயமா?"

"சிரிச்சிடுவேன்னு பயம். நீ பத்திரமா வா."

போனை வைத்தபோதுதான் வீட்டின் சத்தம் கேட்டது. பிளேயருக்குள் இருக்கும் சின்ன விசிறியின் முனகல் ஒரு வருடமாக இந்த ஹாலில் இருந்தது. அன்று ஃப்ரீசர் பாக்ஸ் போனபிறகு பிளக்கைத் திரும்பச் சொருகியதோடு சரி, அதற்கப்புறம் அவர் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. ஆனால் இன்று அந்த முனகல் கனமாக இருந்தது. தரைவழியாக வந்து உள்ளங்காலில் ஏறியது. எங்கேயோ கேட்ட சத்தம். எங்கே என்று யோசிக்க அவருக்கு விருப்பமில்லை.

சோபாவில் உட்கார்ந்து ஒதுக்க ஆரம்பித்தார். இது அவருக்குத் தெரிந்த வேலை. தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் முப்பது வருடமாக ஸ்டோர் கீப்பர். அவர் கொண்டுவந்த சட்டமே உண்டு: ஒரு வருடம் அசையாத சரக்கை ரேக்கிலிருந்து இறக்கு. முதலில் தன் கிரிக்கெட் மேட்சுகளை அழித்தார். பிறகு எப்போதோ பதிவான தொடர்கள். பிறகு, கொஞ்சம் தயங்கி, சமையல் நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றுக்கும் திரை கேட்டது, நிச்சயமாக நீக்கவா, ஒவ்வொன்றுக்கும் அவர் ஆமாம் என்றார்.

மீதி இடத்தைக் காட்டும் பக்கத்துக்குப் போனார். இடம் கூடவில்லை. குறைந்திருந்தது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் குறைந்தது.

கணக்குவாரியாகப் பார்த்தார். ஜெபராஜ்: ஒன்றுமில்லை என்று சொல்லலாம். ஹில்டா: மீதி எல்லாம்.

ஹில்டாவின் பெயரைத் திறந்தபோது, அவர் அழிக்காத ஆராதனைகூட இல்லை. அந்த முறுக்கு வீடியோ ஒன்று ஓரத்தில். அதற்குக் கீழே தலைப்பில்லாத கறுப்புக் கட்டங்கள், வரிசை வரிசையாக, ரிமோட்டை அழுத்த அழுத்தக் கீழே போய்க்கொண்டே இருந்தன. மழை ஜன்னல் கம்பியில் சொட்டியது. பக்கத்து வீட்டில் யாரோ குக்கரை இறக்கினார்கள். இதெல்லாம் சாதாரணச் சத்தங்கள், இது சாதாரண சாயங்காலம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு முதல் கட்டத்தை அழுத்தினார்.

முதலில் அந்த முனகல் மட்டும். ஹாலில் ஏற்கெனவே இருந்த முனகலோடு அது இழை பிசகாமல் சேர்ந்துகொண்டது. பிறகு வெளிச்சம். ஒரு மின்விசிறி, கீழேயிருந்து, நேர் மேலே. மூன்று பழுப்பு இறக்கை, ஒன்றில் பெயின்ட் உரிந்த இடம். அவர் ஹால் மின்விசிறி. ஓடவில்லை. அதற்கும் பார்க்கிற கண்ணுக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருந்தது, வெள்ளையாக, ஓரங்களில் கலங்கி. ஒரு முகம் குனிந்தது. ஜெரூஷா. கண்ணிலிருந்து விழுந்த துளி பாதியில் நின்று, எதன் மேலோ வழிந்தது. பிறகு பாஸ்டர். பிறகு தெருவில் எல்லோரும், ஒருவர்பின் ஒருவராக, மூக்கைப் பொத்தின மாதிரி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. மெல்ல வெள்ளை ஏறி முகங்கள் மறைந்தன. ஒரு மஞ்சள் துண்டு வந்து துடைத்தது. துடைத்தபின்னும் வெள்ளையாகவே இருந்தது. துண்டுக்குப் பின்னால் ஒரு வழுக்கைத் தலை ஏதோ சொன்னது, உதடு தெரியாவிட்டாலும் அது ஜோக்தான் என்று ஜெபராஜுக்குத் தெரிந்தது. அவருடைய தலை அது.

நிறுத்தினார்.

சாவு வீட்டுக்கு வீடியோ எடுக்க மெர்வின் என்ற ஸ்டுடியோ பையன் வந்திருந்தான். வெளிநாட்டுச் சொந்தக்காரர்களுக்கு நேரலை. ஆனால் மெர்வின் ஸ்டூல் மேல் ஏறி நின்று மேலேயிருந்து எடுத்தான். கீழே யாரும் காமிரா வைக்கவில்லை. ஃப்ரீசர் பெட்டிக்குள்ளே யாரும் வைக்கவில்லை.

கீழே வெகுதூரம் இறங்கி இன்னொரு கட்டத்தை அழுத்தினார். கைக்கு அது தேவைப்பட்டது, அவருக்கல்ல.

இதில் மின்விசிறி இல்லை. பழுப்பு மரப்பலகை, முகத்துக்கு மிக அருகில். அதில் பாதி கிழிந்த கடை ஸ்டிக்கர். பலகையின் நாலு பக்கமும் வெளிச்சம். ஒரு பக்கம் இரண்டு கால்கள் நடந்து வந்தன, நீலக் கட்டம் போட்ட கைலி. சோபா முனகியது. தூரத்திலிருந்து, கண்ணாடிக்கு அப்பாலிருந்து வருவது மாதிரி அவருடைய குரல், டிவி செய்தியிடம் ஏதோ நக்கல் பேசியது. அதற்குப் பதிலாக, மிகப் பக்கத்தில், மைக்கில் வாயை வைத்த மாதிரி அவ்வளவு பக்கத்தில், மூக்கால் விட்ட ஒரு சின்ன மூச்சு. சிரிப்பை அடக்கும் மூச்சு. இருபத்தொன்பது வருடம் அதைத்தான் அவர் சம்பளமாக வாங்கிக்கொண்டிருந்தார்.

அவள் சிரிக்காமல் இருந்துகொண்டிருந்தாள். ஒரு வருடமாக.

ஜெபராஜ் டீப்பாயைப் பார்த்தார். ஃப்ரீசர் பாக்ஸ் இருந்த இடத்தில் ஹாலின் நடுவில் கிடந்தது. அன்றைக்கு அப்புறம் அந்த இடத்தை மிதித்து நடக்க மனம் வராமல் அவர்தான் அதை அங்கே இழுத்துப் போட்டார். வாங்கின நாளிலிருந்து அதன் அடிப்பக்கத்தை யாரும் பார்த்ததில்லை.

கையூன்றி மண்டியிட்டார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

பாதி கிழிந்த ஸ்டிக்கர்.

கீழே தரை. வெறும் மொசைக் தரை. கையை வைத்தார். ஜில்லென்று இருந்தது. சுற்றியிருந்த தரை அப்படி இல்லை.

எழுந்து டிவியைப் பார்த்தார். வரிசையின் கடைசிக் கட்டம் தானாகத் திறந்திருந்தது, ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. மரப்பலகை. ஸ்டிக்கர். பலகையின் ஓரத்தில் ஒரு முகம், தலைகீழாக, கண்ணாடி மூக்கில் சறுக்கி, எட்டிப் பார்த்தது. ஒரு கை நீண்டு வந்தது. விரல்கள் விரிந்தன. மிக அருகில் வந்து, எதிலோ தட்டி, நின்றன.

ஜெபராஜ் தன் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

திரை மாறியது.

பாதியில் நின்ற அப்டேட் தொடர்கிறது. இடம் தேவை. ஒரு வருடமாகப் பார்க்கப்படாதவை நீக்கப்படும்.

கீழே ஒரே ஒரு படம். அடுப்படி. முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண்.

"இல்ல" என்றார். "இல்ல, இல்ல. அத நான் வேணும்னுதான் பாக்கல."

பாவம் பிளேயருக்கு அது எப்படித் தெரியும். அசையாத சரக்கு. அவர் போட்ட சட்டம்தான். ரிமோட்டில் கிடைத்ததையெல்லாம் அழுத்தினார். படத்தின் மேல் ஒரு நீலக் கோடு இடதிலிருந்து நகர ஆரம்பித்தது. சுவருக்குப் போனார். பிளக்கில் கை வைத்தார். சூடாக இருந்தது, துடித்தது. பிடுங்கினால் நின்றுவிடும்.

போன தடவையும் நின்றது. நின்றதனால்தான் அவள் இன்னும் அங்கே.

கையை எடுத்துக்கொண்டு சோபாவில் வந்து உட்கார்ந்தார்.

ரிமோட்டில் அவர் பெருவிரல் எதையோ கண்டுபிடித்திருந்தது. நீலக் கோடு நின்றது. வேறு வழி: ஒரு கணக்கை முழுவதும் நீக்கலாம். இரண்டு பெயர்கள். ஹில்டா. ஜெபராஜ்.

ஹில்டாவை நீக்கினால் அந்தக் கறுப்புக் கட்டங்கள் எல்லாம் போய்விடும். பலகைக்குக் கீழே கிடப்பது போய்விடும். அந்த மூக்கு மூச்சும், முறுக்கு வீடியோவும். அவர் மற்றப் பெயரைப் பார்த்தார். அதில் இருந்தது நாலு மேட்ச், அதையும் அழித்தாயிற்று. சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் இதைவிட அசையாத சரக்கு எது.

"எடுத்துக்க" என்றார். "என்ன இருக்கு அதுல."

ஜெபராஜை நிச்சயமாக நீக்கவா?

அழுத்தினார்.

கரண்ட் போனது. தெரு முழுக்க. பக்கத்து வீட்டில் யாரோ அலுத்துக்கொண்டார்கள். தலைக்கு மேல் மின்விசிறி தளர்ந்து, தளர்ந்து, நின்றது. டிவி நிற்கவில்லை. நீலக் கோடு ஒரு வருடத்துக்கு முன்னால் விட்ட இடத்திலிருந்து மறுபடி கிளம்பியது. முனகல் ஏறியது. இப்போது அவருக்கு எங்கே கேட்டது என்று தெரிந்தது, எப்போதும் தெரியும். ரோஜா மாலை வாசனை. பினாயில் வாசனை. வாயால் விட்ட மூச்சு புகையாக வந்தது.

கோடு முடிந்தது.

மீண்டும் தொடங்குகிறது.

இருட்டு.

எண்ணெய் பொரியும் சத்தம். ஓமம், நெய், காய்ந்த எண்ணெய். வீடியோ ஓடுகிறது. ஓடுகிறது.  அவர் சொன்ன மாதிரியே சிரிப்புதான் வந்தது.

"போதும், அத நிறுத்திட்டு வந்து ஜல்லிக்கரண்டியப் புடிங்க."

அதே குரல். கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் மூச்சு. ஆனால் டிவியிலிருந்து இல்லை. அடுப்படியிலிருந்து.

தலையைத் திருப்பப் போனார்.

கழுத்து திரும்பவில்லை.

சோபாவில் இருந்தார். இல்லை. முதுகுக்குக் கீழே தகரம். பனி மாதிரி. கைகள் பக்கத்தில். தூக்க முடியவில்லை.

நேர் மேலே மின்விசிறி. பழுப்பு இறக்கை. உரிந்த பெயின்ட்.

நடுவில் கண்ணாடி.

பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுக்கும் சத்தம். ஈரச் செருப்புகள். நிறையப் பேர். ஜெரூஷாவின் முகம் குனிந்தது, மழையில் நனைந்த தலையோடு, பெரிதாக. "அத்தான்" என்று உதடு அசைந்தது. கண்ணிலிருந்து ஒரு துளி விழுந்து, அவர் முகத்துக்கு ஒரு சாண் மேலே நின்று, வழிந்தது.

ஏதாவது சொல்லவேண்டும். எப்போதும் சொல்வாரே. வாயைத் திறந்தார்.

மூச்சு மட்டும் வந்தது.

கண்ணாடி வெளுத்தது. ஜெரூஷா மறைந்தாள்.

ஒரு மஞ்சள் துண்டு வந்தது. அதைப் பிடித்திருந்த கையில் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு. ஹில்டாவின் தழும்பு. வெள்ளைக்கு அப்பால் ஒரு முகம் இறங்கி வந்தது, பாசமாக, வெகுநேரம் நின்று வேலை செய்தவளின் களைப்போடு. அவரையே பார்த்தது. பிறகு ஹாலைத் திரும்பிப் பார்த்துச் சொன்னது.

"யாரும் பிளக்கத் தொடாதீங்க. இன்னும் முடியல."

மறுபடி துடைத்தாள். அவர் மூச்சு விட்டார். அவள் துடைத்தாள்.

துண்டு வெளியே சுற்றிச் சுற்றி வந்தது. பனி உள்ளே இருந்தது.